சாலையை மறிக்கும் கை

இங்கே சாலையோரத்தில் வந்து நின்றாலே கார் நின்றுவிடுகிறது. டொராண்டோவை ஒட்டிய இந்தப் புறநகருக்கு வந்து இரண்டு குளிர்காலம் கடந்தும் என் கை அதை நம்பவில்லை. பாளையங்கோட்டை பஜாரில் பழகிய கை. வண்டி நின்ற பிறகும் உள்ளங்கையை விரித்து நீட்டி, மறித்துக்கொண்டேதான் கடக்கிறேன். காருக்குள் இருப்பவர்கள் நான் வணக்கம் சொல்வதாக எண்ணிச் சிரித்துக் கையசைக்கிறார்கள். "இந்தத் தெருவில் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறவள் நீ ஒருத்திதான்" என்றார் பக்கத்து வீட்டு மார்கரெட். மறுக்க மனம் வரவில்லை. வந்த நல்ல பெயர் இருக்கட்டும்.

என் வேலையும் நடைபாதைதான். அது சாலையோடு சேருமிடத்தில் சக்கர நாற்காலி ஏறி இறங்கச் சரிவு சரியாக இருக்கிறதா என்று நகர அலுவலகத்துக்காக அளக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்ஜினியர் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். எனக்கு முன்பே போயிருக்க வேண்டியவள் பொன்னுத்தாய் அக்கா. குழந்தையில் போலியோ வந்து கால்கள் சூம்பிவிட்டன. பள்ளி வாசலில் படிகள். தினமும் யார் தூக்குவது என்ற கேள்வியிலேயே அவள் படிப்பு தொடங்காமலே போனது. தையல் கற்றுக்கொண்டாள். இன்று பஜாரில் அவளுக்குச் சொந்தக் கடை.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பஜாரில் புது நடைபாதை, வண்ணக் கற்கள் பளபளவென்று. ஆனால் விளிம்பு ஒரு சாண் உயரம். அக்காவின் சக்கர நாற்காலி அங்கே போய் நின்றதுமே பலசரக்குக் கடை அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏ பிடிங்கவே, அந்தப் பக்கம் பிடிங்க!" நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக் கடைவாசலில் இறக்கினார்கள். அக்கா சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு இல்லை. "சாமியே வருசத்துக்கு ஒரு மட்டந்தான் சப்பரத்துல வருது. என்னையத் தெனமும் தூக்குதாவ. ஏட்டி, அங்கன ஊராளுக்கெல்லாம் அளந்து குடுக்கியே, என்னைய ஒத்தையில கடைக்குப் போக வையேன்."

எங்கள் பஜாரில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் பைக் ஏற ஒரு சிமெண்ட் சரிவு போட்டுவைத்திருப்பார். அண்ணாச்சியுடையது அக்கா கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. செங்குத்தாக, கூரை மாதிரி. அதை நீட்டிப் போடலாமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நாங்கதான் தூக்குதோம்லா தாயி. ஒருநாளாவது கீழ போட்டிருக்கமா?"

அக்காதான் சொன்னாள்: "நீங்க தூக்குததுல ஒரு குறையுமில்ல அண்ணாச்சி. ஆனா நீங்க வந்து தூக்குனாத்தான நான் கடை தொறக்கேன். உங்களுக்கு முந்தி ஒருநா தொறக்கணும்னு ஆசையா இருக்கு."

"ஓகோ! என்னையவே முந்தப் பாக்கியோ? முந்து பாப்போம்!" சிரித்தபடியே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

என் அலுவலகத்தில் ஒரு சரிவுக்கு எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து! பஜாரில் சாயங்காலத்துக்குள் சிமெண்ட் குழைத்தாயிற்று. பாதி பஜார் சுற்றி நின்று யோசனை சொன்னது. நான் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நீளம், இன்னும் நீளம்" என்று கத்தினேன். மழையில் வழுக்காமல் இருக்க, ஈர சிமெண்டில் துடைப்பத்தால் வரிவரியாகக் கீறினார் கொத்தனார். அது இறுகுவதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து வீடியோ அழைப்பு. இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் அணையாத கோடை, அங்கே விடியல். நான் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். நாற்காலியின் கைப்பிடியில் அக்கா போனைக் கட்டியிருந்தாள். திரையில் பஜார் ஆடி ஆடி வந்தது. அவள் சாலையில் பாதி வந்திருப்பாள், வளைவில் ஓர் ஆட்டோ பாய்ந்து வந்தது. என் கை தானாக நீண்டது.

ஆட்டோ நின்றது. இங்கேயும் ஒரு கார் நின்றது. ஓட்டிவந்தவர் சிரித்துக் கையசைத்து, நான் கடப்பதற்காகக் காத்திருந்தார்.

திரையில் சரிவில் கீறிய அந்தத் துடைப்ப வரிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. பைய, பைய. பிறகு சமதளம். பிறகு இறக்கியிருந்த ஒரு ஷட்டர்.

"ஏட்டி, அண்ணாச்சி கடை இன்னும் பூட்டிதான் கெடக்கு! நான் முந்திட்டேன்!"

கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் கையை இறக்கவில்லை.