சாரம் கட்டிய சர்ச்சில் என் கல்யாணம்

என் கல்யாணப் போட்டோவில் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். பின்னால் சர்ச்சின் முகப்பு மட்டும் பூச்சு இல்லாமல், செங்கல் பல்லை இளித்துக்கொண்டு, சவுக்குக் கம்புச் சாரத்தோடு நிற்கிறது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் தயங்குவார்கள். எனக்கு அந்தப் போட்டோவில் பிடித்ததே அதுதான்.

அது என் சித்தியின் வேலை. ஆரணியில் தபால் ஆபீசில் இருந்த சித்தி அப்போது சர்ச் கமிட்டியின் செயலாளர். வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவருக்கு நம் ஆட்கள் கிறிஸ்துமஸ்தோறும் பாசமாகச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்டும் அடித்து வந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பே பூசவேண்டும் என்று சித்தி ஒற்றைக் காலில் நின்று சாதித்தார். ஆனால் சுண்ணாம்பு அவசரத்துக்கு வராது. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. என் கல்யாணத் தேதியும் வந்துவிட்டது.

வந்தவாசி மாப்பிள்ளை வீட்டாருக்கு இது மானப் பிரச்சினை. சிமெண்டை அடித்து முடியுங்கள் என்றார்கள். சித்தி மசியவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், முகப்பையே மூடுகிற அளவுக்கு ஒரு ஃபிளெக்ஸோடு வந்து இறங்கினார்கள். அதில் நானும் அவரும் ஆளுயரத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இத கட்டிட்டா ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் என் மாமியார்.

"மூஞ்சி கழுவிகினு இருக்கறவங்க மேல யாராவது போர்வைய போடுவாங்களா? மடிச்சி வைங்க சம்மந்தியம்மா," என்றார் சித்தி.

"அப்ப கல்யாணத்த வந்தவாசிலயே வெச்சிக்கறோம்."

சித்தி என்னைப் பார்த்தார். யாருக்கும் அஞ்சாத அந்த முகத்தில் அன்றுதான் பயத்தைக் கண்டேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணம் இங்கதாங்க. சுவரு இப்படியேதான் இருக்கும்," என்றேன். மாப்பிள்ளைதான் ஃபிளெக்ஸை எடுத்துப்போய், மழையில் நனையாதபடி சுண்ணாம்பு மூட்டைகள்மேல் போர்த்தினார். மறுநாள் முள்ளிப்பட்டில் நெய்த என் பட்டுப்புடவையின் கரையெல்லாம் வெள்ளைத் தூசி.

சித்தி இப்போது இல்லை. அவர் பூசவைத்த முகப்பில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. புதிய கமிட்டிக்கோ பளபளப்பு வேண்டுமாம். முகப்பு முழுக்க கிரானைட் ஒட்டப்போகிறார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான்.

"ஏங்க பேஜார் பண்றீங்க? காலம் மாறிடுச்சுங்க," என்றார் இப்போதைய செயலாளர்.

மாறட்டும். கிரானைட் வண்டி வருகிற அன்று சர்ச் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி முதல் கல்லை ஒட்டட்டும், பார்க்கிறேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். பரணிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கித் துடைத்து வைத்தார்.