கல்யாண போட்டோ இருக்குங்களா?

போன வாரம் மஞ்சக்குட்டையிலிருந்து சத்யாவின் அப்பா வந்திருந்தார். வருஷா வருஷம் எங்களுக்கு மிளகும் காபிக்கொட்டையும் தருகிறவர். உள்ளே கூட வரவில்லை.

“ஏனுங்கம்மா... புள்ள கல்யாணத்துல எடுத்த போட்டோ உங்க போன்ல ஏதாச்சும் இருக்குங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்து, சில மாதங்களிலேயே சத்யா திரும்பி வந்துவிட்டாள்.

முதல் மனைவி இருக்கிறாள், விவாகரத்தும் ஆகவில்லை என்றால், அடுத்துக் கட்டிய தாலி சட்டப்படி செல்லாது. அப்புறம் எதற்குக் கோர்ட்? செல்லாதுதான்... ஆனால் அதைக் கோர்ட் சொல்ல வேண்டும்! அப்படிச் சொல்ல, கல்யாணம் நடந்ததை முதலில் நாம் நிரூபிக்க வேண்டும். எப்படி இருக்கிறது கதை?

வக்கீல் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் கேட்டிருக்கிறார். இரண்டையும் அப்பா அப்போதே ஆத்திரத்தில் அடுப்பில் போட்டுவிட்டார். படம் எடுத்தவன் மாப்பிள்ளையின் சிநேகிதன் — போனையே எடுப்பதில்லை. மாப்பிள்ளையோ, “கல்யாணமா? எப்போ?” என்கிறானாம்.

என் போனிலும் இல்லை. சத்யா வந்தால் கண்ணில் படுமே என்று அப்போதே அழித்துவிட்டேன்.

“ஊடு ஊடா கேட்டுப் பாத்துட்டேனுங்க. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. புள்ள மனசு நோகுமேன்னு அழிச்சுப்போட்டாங்களாம்.”

இவ்வளவு நல்ல ஊரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

சத்யா வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். ‘கணவர் பெயர்’ என்று கேட்கிற எந்த இடத்திலும் அவன் பெயரை எழுத மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

முதல் கல்யாணத்துக்கும் சாட்சி வேண்டுமே. சத்யா துணிந்து அந்த முதல் மனைவி ரேவதிக்கே போன் செய்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் ரேவதி. சத்யாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் வேண்டாமா?

டீக்கடையில் உட்கார்ந்ததும் ரேவதி தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்தாள்.

“சாட்சிக்கு எப்பக் கூப்புட்டாலும் வாறனுங்க” என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, போனை நீட்டினாள்.

அதில் சத்யா! மாலையும் கழுத்துமாக. அந்த ஆள் தாலி கட்டிக்கொண்டிருக்கிறான்.

“யாரோ எனக்கு அனுப்பி உட்டாங்க கண்ணு. இதப் பாத்துத்தான் எனக்கே விசயம் தெரியும். நொம்ப நாளு அழிச்சுப்போடலாம்னு எடுப்பேன்... உன்ற மொகத்தப் பாப்பேன். எப்புடிச் சிரிச்சுட்டு இருக்கற! பாவம், இந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தோணும். அப்படியே வெச்சுருவேன்.”

சத்யா அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. டீ மூன்றும் ஆறிப்போயின.

அங்கிருந்தே படத்தை வக்கீலுக்கு அனுப்பினோம். “இப்ப அழிச்சுரட்டுமா சாமி?” என்று கேட்டாள் ரேவதி.

“வேண்டாங்க்கா. கோர்ட்டுல போனையும் கேப்பாங்களாம். தீர்ப்பு வரட்டும்... ரெண்டு பேரும் சேந்தே அழிச்சுப்போடலாம்.”

அந்தக் கல்யாணத்தால் சத்யாவுக்குக் கிடைத்த ஒரே நல்ல சொந்தம் — அவன் மறைத்து வைத்திருந்த மனைவி!