பகல் புகாத அறை

அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். இரண்டையும் மூடியது நான்தான். குடைத்துணி, இரண்டு மடிப்பாக, ஓரமெல்லாம் ஆணி. கதவின் அடியில் ஒரு கோணிப்பை. உச்சி வெயிலில் உள்ளே வந்தாலும் நம் கை நமக்குத் தெரியாது. "நல்லா அடிச்சிருக்க" என்று கணவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புதுப்பட்டினத்தில் ஒரே ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை. பராமரிப்புப் பணி என்று மாதக்கணக்கில் தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டிருந்தார்கள். காலை ஏழரைக்கு வருவார், குளிப்பார், இட்லியைப் பிட்டபடியே கண் சொருகும். அவர் தூங்கியாக வேண்டும். அங்கே போய்க் கண் அசந்துவிடக் கூடாத வேலை. எங்கள் தெருவில் ஷிப்ட்காரர் வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, ஜன்னலைப் பார்த்தால் போதும்.

பேறு முடிந்து, அக்கா வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் மகளோடு இந்த இருட்டுக்குள் வந்தேன். பகல் முழுக்க நாங்கள் மூவரும் அந்த ஒரே அறையில் கிடப்போம். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்தேன். குக்கர் வைக்க மாட்டேன், விசில் அடிக்கும். குழந்தை லேசாக முனகினாலே மார்பில் போட்டுக்கொள்வேன், அழுகை தொண்டையை விட்டு வெளியே வருவதற்குள். அவள் குடித்துக்கொண்டே தூங்குவாள், தூங்கிக்கொண்டே குடிப்பாள். பகலில் அழவே அழாத பிள்ளை. தங்கம் என்று அவர் சொல்வார்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஷிப்ட் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு உயிர் வரும். விளக்கைப் போடுவேன், ரேடியோவைத் திருகுவேன். குக்கர் கத்தும். பின்பக்கத்துக் கல்லில் துணி துவைப்பேன். மகள் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்ப்பாள். பத்தரைக்குப் பால். பதினொன்றே முக்காலுக்குப் பால். ஒரு மணிக்குப் பால், ஏப்பம், கக்கல், துணி மாற்றம், மறுபடி பால். எப்போதாவது தூக்கம் வருகிற மாதிரி இமை தாழும், நான் மூச்சை அடக்கிக்கொண்டு பாயில் கிடத்துவேன், முதுகு பாயில் பட்டதும் வீரிடுவாள். தூக்கு, நட, தட்டு, பாடு. பாட்டுகள் தீர்ந்துபோய் ரேஷன் கார்டில் இருந்ததைப் பாடியிருக்கிறேன். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் வாய் வைக்கும்போது கால் பெருவிரல் வரைக்கும் ஒரு கம்பி ஓடும். கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருக்கும். அதற்கும் தூக்கம் இல்லை என்று முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு அந்த இரைச்சலின் மேலேயே கோபம் வந்தது. பிறகு எல்லாவற்றின் மேலும்.

பகலில் நானும் தூங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு காதை அவர் மூச்சுக்கும் ஒரு காதை அவள் முனகலுக்கும் கொடுத்துவிட்டுப் படுப்பதற்குத் தூக்கம் என்று பெயர் இல்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு இரவு மூன்று மணி இருக்கும். அவள் நிறுத்தவே இல்லை. அவளுடைய வலது கையைப் பிடித்திருந்தேன், பிடித்திருக்கிறேன் என்பதே தெரியாமல். அழுகையின் சுருதி மாறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் விரல்கள் நான்கும் அந்தச் சின்னக் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அவளைப் பாயில் கிடத்திவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். தெருமுனை வரை போனேன். அங்கே நின்றாலும் கேட்டது. உள்ளே போனால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. திரும்பிப் போய்த் தூக்கினேன். அவள் விக்கலோடு என் ரவிக்கையைத் தேடினாள், யாரைத் தேட வேண்டுமோ அவளையே தேடுவதுபோல்.

காலையில் எஸ்டிடி பூத்தில் நின்று திருநெல்வேலிக்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்து இவளக் கொண்டுபோயிரு, அக்கா."

"என்னட்டி சொல்லுத? மேலுக்குச் சொகமில்லையா?"

"என் கைல இருந்தா செத்துருவாக்கா."

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். கணவரிடம் எனக்கு உடம்பு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் பிள்ளையையும் பால்பவுடர் டப்பாவையும் இரண்டு புட்டிகளையும் ஏற்றிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோர சீட்டில் தலை சாய்ந்ததும் தூங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்று இரவு பதினொன்றே முக்காலுக்கு விழித்தேன். ஒரு மணிக்கு விழித்தேன். மார்பு இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, படுத்திருந்த பாய் நனைந்திருந்தது. வாஷ்பேசினில் குனிந்து பீய்ச்சிவிட்டேன். குழாயைத் திறந்தேன், வெள்ளையாகச் சுழன்று போயிற்று. மறுநாளும் அப்படியே. தூங்குவதற்காகத்தான் அனுப்பினேன். உடம்பு அவளுடைய கணக்குப்படியே எழுப்பிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து போனில் அக்காவின் குரலில் சந்தோஷம்.

"ஏட்டி, இங்க ராத்திரி நல்லா தூங்குதா. ஒரு தடவ எந்திக்கா, குடிக்கா, மறுபடி உறங்கிருதா. பகல்லதான் ஒரே ஆட்டம். எம் பெரியவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா போதும், அவன் மடிய விட்டு எறங்க மாட்டேங்கா."

ரிசீவரை வைத்தேன். அப்படியானால் நோய் நான்தான். என்னிடமிருந்து பிரித்ததும் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. இனிமேல் எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது?

முன்போர்ஷனில் இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் பெரிது. கொடியில் குழந்தைத் துணி இல்லாததைக் கவனித்துவிட்டு ஒரு மத்தியானம் கதவைத் தள்ளினாள்.

"இன்னாம்மா, கொயந்த சத்தமே காணோம்?"

"ஊருக்குப் போயிருக்கா. மெதுவா பேசுங்க, அவர் தூங்குறார்."

"ஐய, இன்னா வூடு இப்டி கும்மிருட்டா கீது? போட்டோ கயுவுற கடை வச்சிகினு கீறியா? ராத்திரி பன்னெண்டுக்கு துணி தொவைக்கிறது, ரேடியோ பாடிகினு கீது, பகல்ல ஊரே அடங்கினாப்புல படுத்துக்கிறது. ஏம்மா, உங்க வூட்ல மட்டும் சூரியன் நைட் ஷிப்டா?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். பிள்ளைக்குப் பகல் எது என்று யார் காட்டினது? ராத்திரியை வெளிச்சமும் ரேடியோவுமாக ஜோடித்தது யார்? பகலெல்லாம் இருட்டில் வாயை அடைத்து அடைத்துத் தூங்க வைத்தது யார்? நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். அதற்குத்தான் அந்தக் கையில் நான்கு விரல்.

ஜன்னல் துணியைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. வெயில் அவர் முகத்தில் விழ, அலறியடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் அங்க கண்ணசந்தா என்ன ஆவும்னு தெரியுமா?"

"நான் இங்க என்ன செஞ்சேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சொன்னேன். கை, விரல், தாழ்ப்பாள், தெருமுனை, எல்லாம். அவர் தலையணையையும் போர்வையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார், மூன்று பேச்சிலர்கள் சேர்ந்து எடுத்திருந்த அறைக்கு. அங்கேயும் ஜன்னலில் கறுப்புத் துணி இருந்தது. பராமரிப்பு முடியும்வரை பகலில் அங்கேதான் தூங்கினார்.

மறுநாள் நான் ரயிலேறினேன்.

அக்கா வீட்டில் மகள் அக்காவின் பெரியவன் மடியில் இருந்தாள். என்னைப் பார்த்தாள், அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அம்மா பாரு, அம்மா" என்று அக்கா மூன்று தடவை சொன்னாள்.

ராத்திரி என் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். ஒன்பதுக்குத் தூங்கியவள் அசையவில்லை. நான் பதினொன்றே முக்காலுக்கு எழுந்தேன். ஒரு மணிக்கு எழுந்தேன். ரவிக்கை நனைந்து குளிர்ந்தது. எழுந்திருடி, ஒரே ஒரு தடவை எழுந்திரு என்று காதருகே குனிந்து கெஞ்சினேன். இரண்டு மாதம் தூங்கு தூங்கு என்று மன்றாடிய அதே வாயால்.

இரண்டரைக்கு முனகினாள். அவசரமாக அள்ளி மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். முதுகை வளைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த அறையில் விளக்கு எரிந்தது. அக்கா வெந்நீரில் பவுடரைக் கலந்து, குலுக்கி, முன்னங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, புட்டியைத் தான் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் நீட்டினாள்.

"நீ குடுட்டி."

வாங்கிக்கொண்டேன். ரப்பரை வாயில் வைத்ததும் பற்றிக்கொண்டாள். நான் புட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பால் என் வயிற்றில் வழிந்து புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி குடித்தபிறகு கண்ணைத் திறந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள். யார் என்று தெரிந்ததா, தெரியவில்லை. குடிப்பதை நிறுத்தவில்லை.