ஆடி மாதத்துப் பங்காளி

போன வாரம் என் மகனுக்காக கே.கே. நகரில் வீடு பார்க்கப் போயிருந்தேன். வீடு பிடித்திருந்தது. காற்று வந்தது, கிணற்றுத் தண்ணீர் உப்பில்லை. தரகர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நைனா, ஆடி போவட்டும். இப்ப எவனும் சாவி குடுக்க மாட்டான்" என்றார். ராக்கெட் விடுகிற காலத்திலும் ஆடி ஆடிதான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே தெருவுக்கு வந்தால், எதிர்க்கடை வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்று, அந்த வாசனையை அள்ளிக்கொண்டுவந்து என் மூக்கில் அடித்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஆடியும் கருவாடும் சேர்ந்து வந்தால் எனக்கு ரங்கூன் ஞாபகம் வந்துவிடும். இத்தனைக்கும் நான் ரங்கூன் பக்கம் தலைவைத்துப் படுத்தவன் இல்லை.

முப்பதுகளின் கடைசி. நான் டிராம் கண்டக்டர். இருபத்திரண்டு வயது, காக்கிக் கோட்டு, தோளில் தோல் பை. இது போதாதென்று கிராப்பு வேறு. தேங்காய் எண்ணெய் தடவி, வகிடெடுத்து, வழியில் எந்தக் கடையில் கண்ணாடி தெரிந்தாலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். மயிலாப்பூரே என் கிராப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை.

ஆடி பிறந்து ஏழெட்டு நாள் ஆகியிருக்கும். துறைமுகத்துப் பக்கமிருந்து மயிலாப்பூர் வந்த வண்டியில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒரு பெண்ணையும் அவள் மடியில் தூங்கிய குழந்தையையும் தவிர. பெண் பர்மாக் கைலி கட்டியிருந்தாள். காலடியில் ஒரு மூட்டை. காலையிலிருந்து அவள் இதே தடத்தில் போய்வந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கடைசி ஸ்டாப்பும்மா. எறங்கு" என்றேன்.

"எறங்கி எங்கங்க போறது?" என்றாள். அழவில்லை. நிஜமாகவே வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவள் பெயர் செண்பகம். ரங்கூனில் கலகம். நம் ஆட்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று இவளையும் ஐந்து வயது மகள் தங்கத்தையும் புருஷன் கப்பலேற்றிவிட்டிருக்கிறான். மளிகைக் கடையை ஒரு வழி பண்ணிவிட்டு அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. சத்திரத்தில் மூன்று நாள்தான் தங்கலாம். மூன்று நாளும் முடிந்துவிட்டது. மயிலாப்பூரில் வாடகைக்கு என்று அட்டை தொங்கிய வீடுகளையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள்.

"எல்லாரும் நல்லவங்கதாங்க. உக்காரச் சொல்லி மோரு குடுத்தாங்க. ஆவணியில வாங்கன்னு சொன்னாங்க."

எனக்கு வந்ததே கோபம்! ஊரில் இத்தனை அறை காலியாகக் கிடக்க, ஒரு பச்சைக் குழந்தை காலண்டர் பார்த்து வீடு புக வேண்டுமா? கோபம் வந்தால் எனக்கு யோசனை வராது. "வாங்க எங்க வூட்டுக்கு" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

நாங்கள் இருந்தது சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஆறு குடித்தனம் இருந்த வீடு. எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பா காலமாகிவிட்டார். அம்மா, தங்கை ருக்மணி, நான். வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் எந்தக் காலத்திலோ ஆடியில் குடிவைத்த ஒருவன் அடுத்த ஆடிக்குள் செத்துப்போனான் என்று மனிதர் மிரண்டுபோயிருந்தார். பின்கட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருந்தது. அதைப் பற்றிப் பேசினால், "ஆடியில புதுசா ஒரு அடுப்பு இந்த வீட்ல எரியக்கூடாது. எவனாவது ஏமாத்தி ஆளைக் குடிவெச்சா, வெச்சவனையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவேன்" என்பார். செய்யக்கூடியவர்தான்.

இதெல்லாம் வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"யாருப்பா இவங்க?"

"எங்க பெரியப்பா புள்ளையோட சம்சாரம். ரங்கூன்லேர்ந்து வந்துகீறாங்க."

என் பெரியப்பா பிள்ளையில்லாமல் செத்தவர். சொல்லி முடிப்பதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். குழந்தையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"வாம்மா வா. கப்பல்ல கொயந்த வாந்தி கீந்தி எடுத்துச்சா? இன்னாடா நின்னுகினுகீற, உள்ள கூட்டினு போ" என்றாள். என் அம்மா அதற்கு முன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

பங்காளி வீட்டு ஆள் என்றால் புதுக் குடி ஆகாது, புது அடுப்பும் இல்லை. ராஜமாணிக்கம் தலையாட்டிவிட்டார்.

உள்ளே வந்ததும் ருக்மணி ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்தாள். ஆவணி ஆறாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாம்பலத்துக்காரர், அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தி.நகரில் அவருடைய அப்பா வீடு கட்டும் மேஸ்திரி. கல்யாணத்துக்கென்று எடுத்த நான்கு சேலையில் ஒன்றைச் செண்பகத்தின் கையில் வைத்து, "கைலியோட தண்ணி புடிக்கப் போனா ஊரே பாக்கும். இத்தக் கட்டிக்கோ அண்ணி" என்றாள்.

ஆக, அண்ணி ஆகிவிட்டாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்பதோடு நிற்கவில்லை.

குழந்தைதான் பெரிய பாடு. தங்கம் எதையும் சாப்பிட மாட்டேன் என்றது. ரசம் ஊற்றினால் துப்பும், பருப்பைப் பார்த்தால் முகத்தைத் திருப்பும். இரண்டு நாளாக "ஙாப்பி, ஙாப்பி" என்று ஒரே அழுகை. பர்மாவில் மீனையும் இறாலையும் உப்புப் போட்டு ஊறவைத்து அரைக்கிற விழுதாம் அது. அது இல்லாமல் அங்கே சோறு இறங்காதாம். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடை கொண்டுவரும் எல்லம்மா வாசலில் நின்று இதைக் கேட்டாள்.

"அய்ய, இதுக்கா இப்டி அழுவுது? எங்க குப்பத்துல இல்லாத நாத்தமா?" என்று போனவள், மறுநாள் பொடி இறாலைக் காயவைத்த சென்னாக்கூனிக் கருவாட்டில் ஒரு பிடி கொண்டுவந்து, தானே அம்மியில் உட்கார்ந்து மிளகாயோடு அரைத்துக் கொடுத்தாள். வாசனை ஆறு குடித்தனத்தையும் தூக்கி நிறுத்தியது. ராஜமாணிக்கத்தின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடிவந்தார். "எங்க ஓரகத்தி வூட்டுப் பழக்கம்மா அது" என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல். தங்கம் இரண்டு தட்டுச் சோறு தின்றது. அதற்கப்புறம் ஒரு பிடி சென்னாக்கூனி இல்லாமல் எல்லம்மா எங்கள் சந்துக்குள் வந்ததே இல்லை.

ரங்கூன் கப்பல் வரும் நாளெல்லாம் செண்பகம் என் டிராமில் ஏறித் துறைமுகம் வருவாள். முதல் கப்பலில் புருஷன் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆடி கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாவது கப்பல் வந்தது. அன்று எனக்கு ஓய்வு நாள், கூடப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டியோடு இறங்கிய ஒருவர் இவளைப் பார்த்தார். ரங்கூனில் பக்கத்துக் கடைக்காரராம். பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். புருஷன் இனி எந்தக் கப்பலிலும் வரமாட்டான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அவளை எப்படி வீடு கொண்டுவந்து சேர்த்தேன் என்பது இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. சந்து முழுக்க வந்து அழுதது. அம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் ராஜமாணிக்கம் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "பாவம், பங்காளித் தீட்டாச்சே. கேட்ட நாள்லேர்ந்து பதினாறு. பொண்ணு கல்யாணம் ஆறாம் தேதியாச்சே?"

யோசிக்காமல் சொன்ன பொய் எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது பாருங்கள். பங்காளி செத்தால் பதினாறு நாள் அந்த வீட்டில் மங்கல காரியம் கிடையாது. அவன் பங்காளி இல்லை என்று சொன்னால் கல்யாணம் நடக்கும், ஆனால் ராஜமாணிக்கம் எல்லோரையும் தெருவில் நிறுத்துவார். செண்பகத்தையும் குழந்தையையும் இன்னொரு வீட்டில் எவன் சேர்ப்பான்?

மறுநாள் காலை செண்பகமே எழுந்து வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "நான் வீட்டுக்காரர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேங்க. நாந்தான் உங்களைக் கெஞ்சிப் பொய் சொல்ல வச்சேன்னு சொல்லிட்டு நாங்க போயிடறோம். தங்கச்சி கல்யாணம் நிக்கக் கூடாது" என்றாள்.

"வாய மூடு. கம்முனு போயி குந்து" என்றாள் அம்மா.

செண்பகம் சொல்லிவிட்டால் தேவலை என்று நான் ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே மாம்பலத்து மேஸ்திரி வந்துவிட்டார். வாசலில் ராஜமாணிக்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. கட்டடம் கட்டுகிறவர், எங்கே தட்டினால் ஓட்டை தெரியும் என்று அறிந்தவர்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க சொந்தக்காரங்க அத்தினி பேரையும் சொன்னீங்க. ரங்கூன்ல ஒரு பங்காளி கீறான்னு சொல்லவே இல்லியே?" என்றார். "தம்பி, நெஜத்தச் சொல்லு. செத்தவன் உனக்கு இன்னா ஒறவு? ஒறவு இல்லன்னா ஒரு வார்த்த சொல்லு, குறிச்ச தேதியில மேளத்தோட வரோம். இருக்குன்னா, சாவு வாடையோட ஒரு பொண்ணு எங்க வூட்டுக்கு வாணாம்."

ராஜமாணிக்கம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் டிராமில் தொண்டை கிழியக் கத்துகிறவன், மேஸ்திரியின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலைப்படிக்குப் பின்னாலிருந்து ருக்மணியின் குரல் வந்தது. கல்யாணப் பெண் மாமனாராகப் போகிறவர் முன்னால் பேசுவது அந்தக் காலத்தில் நினைத்துப்பார்க்க முடியாத காரியம்.

"அவுரு எங்க பெரியப்பா புள்ள. எங்களுக்கு அண்ணன். தீட்டு எங்களுக்குத்தான்."

மேஸ்திரி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

உள்ளே போய், "இன்னா காரியம் பண்ணிட்ட ருக்கு" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. "தாலி இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி வரும். இதுங்களுக்கு இந்தக் கூரை போனா வருமா? போ, போயி ஆவுற வேலயப் பாரு" என்றாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பது பழமொழி. நான் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன்.

ஆகிற வேலை என்று அவள் சொன்னது கருமாதியை. செத்தவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அப்படியானால் பங்காளிதான் செய்ய வேண்டும். பதினாறாம் நாள் விடியற்காலை சாந்தோம் கடற்கரையில் உட்கார்ந்தேன். நாவிதர் கத்தியை எடுத்தார். என் கிராப்பு மணலில் விழுந்தது. வலி என்னவோ கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

காரியம் செய்துவைத்தவர், "மூணு தலைமுறைப் பேரைச் சொல்லுப்பா" என்றார். செத்தவன் பெயர் முத்தையா என்பது தெரியும். அவனுடைய அப்பா யார், தாத்தா யார்? செண்பகத்தைக் கேட்டுவைக்க மறந்துவிட்டேன். இரண்டடி தள்ளி ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் என் பெரியப்பா பெயரைச் சொன்னேன். என் தாத்தா பெயரைச் சொன்னேன். அவருடைய அப்பா பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். சொல்லும்போது பயமாக இல்லை. முகம் தெரியாத அந்த மனிதனுக்காக அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நன்றாகவே அழுதேன்.

திரும்பும் வழியில் ராஜமாணிக்கம் என் பக்கத்தில் நடந்துவந்தார். "பின்கட்டு ரூம்பை வெள்ளையடிக்கச் சொல்லிருக்கேன். உங்க அண்ணியை அங்க இருக்கச் சொல்லு. பங்காளிதானே, எந்த மாசம் வந்தா என்ன?" என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? கடைசிவரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செண்பகம் அந்தப் பின்கட்டில் பதினோரு வருஷம் இருந்தாள். எங்கள் டிராம்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தே தங்கத்தைப் படிக்கவைத்தாள். முதல் மாதம் யாரும் வாங்கவில்லை. இரண்டாம் மாதம் வாங்காதவன் இல்லை. ருக்மணிக்கு மூன்று வருஷம் கழித்து செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அமைந்தார். அந்த மூன்று வருஷமும் கோயில் குளத்தில் அவளைப் பார்த்து ஊர் பேசிய பேச்சு எனக்குத் தெரியும். அவள் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை.

இப்போது டிராமும் இல்லை, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். ஆறு குடித்தன வீட்டை இடித்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அம்மா போய்விட்டாள். ராஜமாணிக்கம், எல்லம்மா, செண்பகம், போன தையில் ருக்மணி, எல்லோரும் போய்விட்டார்கள். தங்கம் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஆடியிலும் முத்தையாவுக்கு நான் திதி கொடுக்கும் அன்று, இலை போட வந்துவிடுவாள். போன தடவை தன் பேத்தியை என் முன்னால் நிறுத்தி, "கும்புடு. எங்க சித்தப்பா. எங்கப்பாவுக்கும் இவருக்கும் தாத்தா ஒருத்தரே. முகத்தப் பாரு, எங்கப்பா ஜாடை அப்படியே இருக்குன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள்.

குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். செண்பகம் அப்படியா சொல்லியிருக்கிறாள்!

அது பொய் என்று தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். தங்கத்தைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.