அவசரத் தொலைபேசிக்கு எழுதாத ஒரு வரி

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவன். வேறொரு ஆலையில் வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றுபோனதாகப் பேச்சு வந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப் இயந்திரங்கள் தேவையான சர்வர்களைத் தவிர வேறெதோடும் பேசக் கூடாது என்றார்.

அதற்கு, நெட்வொர்க் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் ஓர் அனுமதிப் பட்டியல் எழுத வேண்டும். எது எதோடு பேசலாம் என்று வரிவரியாக எழுதினால், எழுதாத அத்தனையையும் ஸ்விட்ச் தானாகவே தடுத்துவிடும். உற்பத்தி லைன் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு இயந்திரத்தையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிரஸ் ஷாப் தூணில் இருந்த அவசரத் தொலைபேசியின் ஒயரும் அதே ஸ்விட்சில்தான் செருகியிருந்தது. என்னிடமிருந்த நெட்வொர்க் வரைபடத்தில் அது இல்லை. நேரில் போய் ஒயர்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் வலது கை பிரஸ்ஸில் சிக்கியது. பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். கேன்டீனில் பல நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். லைனுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. முதலுதவி அறையைக் கூப்பிடத் தூணுக்கு ஓடிய சக தொழிலாளிக்கு ரிசீவரில் சத்தமே கேட்கவில்லை. ஆலையின் மறுகோடிக்கு ஓடித்தான் நர்ஸை அழைத்துவந்தார்கள். மூன்று விரல்கள் போயின.

தொலைபேசி செத்துக்கிடந்தது என்று கேள்விப்பட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். உடனே வேலை செய்தது. மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இப்ப வேல செய்யுதுல்ல? அப்ப யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் ரிசீவரை எடுத்துப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. தொலைபேசியைப் பற்றித் தொழிலாளிகள் சொன்னது பொய் என்றும், விபத்துக்குக் கை சிக்கியவருடைய கவனக்குறைவே காரணம் என்றும் எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நர்ஸம்மா சீக்கிரம் வந்திருந்தா வெரலு நின்னிருக்குமா சார்?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது.

"சரி, அது போவட்டும். போன் எடுக்க ஓடினவனையும் பொய் சொல்றான்னு எழுதிக்கினு போயிட்டாங்க. இப்ப சொன்னியே, அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சார். அது போதும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எழுதவும் செய்தேன். கீழே கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று இப்போது எனக்கே தெரியாது. அவருடைய ஒப்பந்தத்தை ஆலை புதுப்பிக்கவில்லை. நான் அதே ஆலையில்தான் இருக்கிறேன்.

போன மாதம் மறைமலை நகர் போகும் வழியில் ஒரு குடோன் வாசலில் அவரைப் பார்த்தேன். செக்யூரிட்டி சட்டை போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு இடது கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். நான் வண்டியை நிறுத்தவில்லை.