கார் ஓடிய அன்று அவர் கூப்பிடவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி அடைமழையில், காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் நடந்தது இது. ஷெட் என்று நான்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஸ்கூட்டரை நிறுத்துவதற்காக வீட்டை ஒட்டிச் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, தெருப் பக்கம் ஷட்டர் வைத்துக் கட்டிய இடம் அது. என் வீட்டுக்காரர் அதற்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர் வைத்து, ஸ்கூட்டரை வேப்ப மரத்தடிக்குத் துரத்திவிட்டார். தினமும் காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டுத்தான் கோட்டுச்சேரியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்புவேன்.

எல்லாம் ஒரு காரால் வந்த வினை. அவர் ரிடையர் ஆன கையோடு நெஞ்சுவலி வந்து, பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். உடம்பு தேறியது. ஆனால் ஆள் தேறவில்லை. ஓடாத டிவிக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். மனசுக்குப் பிடித்த வேலை ஏதாவது லேசாகச் செய்யச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மல்லிகைச் செடி வைப்பார், கோயிலுக்குப் போய் வருவார் என்று நான் நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? டவுனில் ஒரு குடும்பம் பிரான்ஸிலேயே தங்கிவிட்டதால் இங்கிருந்த பழைய வீட்டைக் காலி செய்தார்கள். அதன் கொல்லையில் கிடந்த காரைப் பேசி முடித்து, டிராக்டரில் கட்டி இழுத்து வந்துவிட்டார்.

என்னைவிட வயதான கார் அது. என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. பின் சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இதுதான் லேசான வேலையா என்று கேட்டேன். டாக்டர் மனசுக்குப் பிடித்த வேலை என்றுதானே சொன்னார் என்று என்னையே மடக்கினார்.

சண்டை போட்டேன். பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆனால் கார் வந்த அன்று ராத்திரி மனுஷன் ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார். அதோடு என் சண்டை முடிந்தது. சரி, ஒழியட்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"ஒரு நட்டைக்கூட நீங்களா தூக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் என்னயக் கூப்பிடணும். சம்மதமா?"

உடனே சம்மதம் என்றார். எனக்கு நானே குழி தோண்டிக்கொண்டது அப்போது தெரியவில்லை.

கூப்பிட ஆரம்பித்தார். ஐயோ, அதை எப்படிச் சொல்வது. "ஏம்மா, இங்க வாயேன்" என்று ஷெட்டிலிருந்து குரல் வரும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினால், டார்ச்சைப் பிடிக்கச் சொல்வார். பிடித்துவிட்டு வந்து காபியை எடுத்தால் மறுபடி குரல். கார் அடியில் உருண்டு போன வாஷரை எடுத்துத் தர வேண்டுமாம். எதுவும் வேண்டாத நேரத்திலும் கூப்பிடுவார். துருப்பிடித்த போல்ட் ஒன்று கழன்றுவிட்டது, அதை நான் வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு நன்றாகக் கழன்றிருக்கிறது என்று சொல்லவும் வேண்டும். அந்த வருஷம் முழுக்க நான் ஒரு காபியைச் சூடாகக் குடித்ததில்லை.

போகாமலும் இருக்க முடியாது. இந்த இரும்போடு மல்லுக்கட்டி மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடக் கூடாது, எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான். அவர் கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அதனால் திட்டிக்கொண்டே போவேன், திட்டிக்கொண்டே திரும்பி வருவேன்.

என் சமையலறை பட்ட பாடு தனி. இட்லித் தட்டில் ஒரு குழிக்கு ஒரு ரகம் என்று நட்டுகளைப் பிரித்து வைத்திருந்தார். பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் கார்புரேட்டரைப் போட்டுக் கொதிக்க வைத்தார். என் நல்ல காட்டன் புடவை ஒன்று துண்டு துண்டாகி ஆயில் துடைக்கப் போனது. வால்வு அரைப்பது என்று ஒரு வேலை உண்டு. நுனியில் ரப்பர் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, மோர் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சிரமப்படக் கூடாது இல்லையா, அதனால் உருட்டியது யார்? நான்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்பில் என் கருத்த விரல்களைப் பார்த்துப் பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு செய்தும் அந்தக் கார் ஓடியதா என்றால், அதுதான் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வரவழைத்த இன்ஜின் கேஸ்கட் தகட்டில் ஓட்டைகள் இடம் மாறியிருந்தன. திருப்பி அனுப்பி வேறு வந்தது. அது பொருந்தியது, ஆனால் ரேடியேட்டர் ஒழுகியது. அதை அடைத்தால் பெட்ரோல் ஒழுகியது. பார்க்க வந்த மெக்கானிக் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. இவரோ அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிடுவார். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஆன் பண்ணு என்பார். சாவியைத் திருப்புவேன். கார் இருமும், இரண்டு குலுங்கு குலுங்கும், நின்றுவிடும். ஆஃப் பண்ணு என்பார். மறுபடி ஆன். மறுபடி ஆஃப். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் இந்த வேலைதான் பல நாள்.

அன்றைக்கு மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கடல் பக்கமிருந்து காற்று சாரலை அள்ளி அள்ளி அடித்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அவர் ஷெட்டுக்குப் போனார். சாரலில் ஒயரெல்லாம் நனைகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. வீட்டுப் பக்கக் கதவை எப்போதும் நான்தான் சாத்தி வைப்பேன், இல்லாவிட்டால் சாம்பாரில்கூடப் பெட்ரோல் வாசனை அடிக்கும். ஷெட் சுவரில் மேலே இருந்த ஜன்னலில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அவர் முதல் நாளே சாக்கு அடைத்திருந்தார். இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை கூப்பிட்டார், போய்விட்டு வந்தேன். பிறகு என்னை எதிர்பார்க்காமல் அவரே சாவியைத் திருப்புகிறார் என்று தெரிந்தது. வழக்கமான இருமல் கேட்டது. நின்றது. மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

நிற்கவில்லை. கார் ஓடியது. தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனால் அதை அவரிடம் காட்டிக்கொள்வதா? பேனாவை மூடி வைத்தேன். இதோ கூப்பிடுவார், நிதானமாக எழுந்து போய், ஓ, ஓடுகிறதா என்று அலட்சியமாகக் கேட்க வேண்டும் என்று முகத்தைக்கூடச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன்.

அவர் கூப்பிடவில்லை.

பத்து நிமிஷம் போயிருக்கும், கார் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. டார்ச் பிடிக்க நான் வேண்டும், வால்வு அரைக்க நான் வேண்டும், ஓடுகிறதைப் பார்க்க மட்டும் நான் வேண்டாமா என்று பொங்கிக்கொண்டு வந்தது. நானாகப் போகப் போவதில்லை என்று வீம்பாகப் பேனாவைத் திறந்து, அடுத்த பேப்பரை எடுத்தேன். சரியான விடைக்குத் தப்புப் போட்டேன். அடித்துவிட்டுச் சரி போட்டேன்.

அந்தப் பேப்பர் முடிவதற்குள் மனசுக்குள் என்னவோ இடறியது. ஒரு போல்ட் கழன்றால் கூப்பிடுகிற மனுஷன். வாஷர் பொருந்தினால் கூப்பிடுகிற மனுஷன். கார் ஓடுகிறது, இவர் என்னைக் கூப்பிடாமல் இருப்பாரா? இருக்கவே மாட்டார். அப்படி ஒன்று நடக்கவே நடக்காது. பேப்பர்கள் கீழே சிதற எழுந்து ஓடினேன்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. அவர் முன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பானர். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சுதான், போய்விட்டது என்று நினைத்தேன். என்னங்க, என்னங்க என்று உலுக்கினேன். தலை ஒரு பக்கம் தொங்கியது. எனக்கே தலை கிர்ரென்று சுற்றியது. என் கை தானாகக் கார் ஜன்னலுக்குள் போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தியது. ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு என்று அத்தனை மாதம் என்னை வதைத்திருந்தாரே, அந்தக் கைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஷட்டர் கொண்டியை இழுத்துவிட்டுத் தூக்கினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. அந்த இடுக்கில் குனிந்து எதிர் வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அங்கே ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். சாப்பிட்ட கையோடு மழையில் ஓடி வந்து ஷட்டரை மேலே தள்ளினார்.

"என்னாச்சு டீச்சர், நெஞ்சுவலியா?"

"தெரியலப்பா, தூக்கு."

இரண்டு பேருமாக அவரை இழுத்து வெளியே போட்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றினோம். மழை முகத்தில் பட்டதும் லேசாக முனகினார். அந்த முனகல் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தார். சொன்னேன். மூடின இடத்தில் காரை ஓட விட்டீர்களா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெஞ்சில் கோளாறு இல்லை, கார்ப் புகைதான், அதில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, ஆளுக்குத் தெரிவதற்குள் கை கால் விழுந்துவிடும் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

சாயங்காலம் அவருக்கு நன்றாக நினைவு வந்தது. மாஸ்க்குக்குள் வாய் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். உயிர் பிழைத்த மனுஷன் பெண்டாட்டியிடம் முதலில் என்ன கேட்பான்?

"வண்டி நல்லா ஓடுச்சுல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மாஸ்க்கைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவரே மறுபடி மெல்லச் சொன்னார்.

"காலு எந்திரிக்கல. உன்னய எத்தன தடவ கூப்பிட்டேன். ஏன் வரல?"

அவர் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், குரல்தான் வெளியே வரவில்லை. நான் இந்தப் பக்கம் வீம்பாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வார்டில் அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன். நர்ஸ் வந்து என்னை வெளியே உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஷட்டரைக் கழற்றிக் கிரில் கேட் போடவைத்தேன். ஒன்று அந்த ஷட்டர் இருக்கும், இல்லை நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். காரை விற்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு அது நன்றாகவே ஓடுகிறது, அதாவது ஒரு நாள் ஓடினால் ஒரு வாரம் படுக்கிறது. என் ஸ்கூட்டர் இன்னும் வேப்ப மரத்தடியில்தான்.

அவரும் கூப்பிடுவதை விடவில்லை. ஷெட் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் இப்போது நானே, என்னங்க என்று குரல் கொடுக்கிறேன். "ஏம்மா, இங்க வாயேன், இந்த டார்ச்சப் புடி" என்று பதில் வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போகும்போது பழைய எரிச்சல் அப்படியே வருகிறது, அது வருகிற வரைக்கும் என் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.