பழைய சிவப்பு வண்டி

சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் தனசேகருக்கு அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டதும் வயிறு எரிந்தது. ஓட்டி வந்தவன் சிவபிரகாஷ். இருவரும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். அவன் போர்வெல் போடும் ரிக் வண்டி வாங்கி ஓட்டி, பணத்தில் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டான். இவன் கையில் இன்னும் கிரீஸ்தான்.

"உள்ளார பெட்ரோல் நாத்தம் அடிக்குதுடா. ஒழுகற ஓஸை மட்டும் மாத்திக் குடு, போதும்," என்றான் சிவபிரகாஷ்.

ஒழுகிய ரப்பர் குழாய் ஒன்றுதான். ஆனால் மற்ற ஓஸ்களிலும் வெடிப்பு விட்டிருந்தது. சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன? சூடான இஞ்சின் மேல் சொட்டிப் பற்றிக்கொண்டால் எரியட்டுமே. அந்த நினைப்பை உதறிவிட்டுப் புது ஓஸ்களை எடுத்து வந்தான்.

டேங்கிலிருந்து இஞ்சின் வரை எல்லா ஓஸையும் மாற்றி, கிளிப்புகளை இறுக முடுக்கினான்.

"இப்ப நாத்தமே இல்லியே! வா, ஒரு ரவுண்டு போலாம்," என்றான் சிவபிரகாஷ்.

"நீ அந்தப் பக்கம் உக்காரு. நான் ஓட்டறேன்."

கோவை ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பொறாமை தணியவில்லை, இன்னும் கூடியது. பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்த பிறகும் தனசேகர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.